வலப்பக்கம் மேலே மடிந்த உடை

ஒரு பெண் அணிந்திருக்கும் மேலுடையில் வலப்பக்கத் துணி இடப்பக்கத் துணியின்மேல் படிந்திருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு அவள் செத்துப்போனவள் என்று முடிவு கட்டுவீர்களா?

மாட்டேன் என்பீர்கள். சென்ற ஆண்டு பல நாடுகளில் ஏராளமானவர்கள், கல்லூரியில் படித்தவர்கள், கைப்பேசியில் உலகத்தையே துழாவத் தெரிந்தவர்கள், அப்படித்தான் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு பொய்த்துப்போனபோது தங்கள் புத்தியை நொந்துகொள்ளவில்லை. ஹைதராபாத்தில், போவன்பள்ளியில் குடியிருக்கும் ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து ஏசினார்கள்.

அவள் பெயர் எவாஞ்சலின். முப்பது வயதைக் கடந்தவள். அப்பா ஆர்தர் ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. குடும்பம் நாசரேத்துப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இருந்தாலும் வீட்டுக்குள் இன்னும் திருநெல்வேலித் தமிழ்தான். கதவைத் தாண்டினால் தெலுங்கு, சந்தைக்குப் போனால் தக்கனி இந்தி, அலுவலகத்தில் எல்லாம் கலந்த ஒன்று.

அலுவலகம் ஹப்சிகுடாவில், ஓர் இனிப்புக்கடைக்கு மேலே இருந்தது. ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்கு, அதாவது அனிமேக்களுக்கு, அங்கே இடைப்படம் வரைந்து அனுப்புவார்கள். ஒரு பாத்திரம் தலையைத் திருப்புகிறது என்றால் திரும்புவதற்கு முன் ஒரு படம், திரும்பிய பின் ஒரு படம், இந்த இரண்டையும் டோக்கியோவில் பெரிய ஓவியர்கள் வரைவார்கள். திரும்புவதை எவாஞ்சலின் வரைவாள். தொடரைப் பார்க்கிறவர்கள் முன்னதையும் பின்னதையும் வரைந்தவரைத்தான் கொண்டாடுவார்கள். நடுவில் இருப்பது தானாக நடந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பல வருடங்கள் அவள் அப்படி நடுவில் இருந்தாள். தொடர் முடிந்து ஓடும் பெயர்ப்பட்டியலில் அவளுடைய நிறுவனத்தின் பெயர் மட்டும் வரும். இந்தத் தொழிலில் பட்டம், சான்றிதழ் என்று எதையும் யாரும் கேட்பதில்லை. திரையில் உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். வந்திருந்தால் பெரிய ஸ்டூடியோக்கள் உங்களோடு பேசும். வரவில்லை என்றால், எத்தனை தலைகளை நீங்கள் திருப்பியிருந்தாலும், நீங்கள் இல்லவே இல்லை.

'கணவாய் விளக்குகள்' என்ற தொடரில்தான் இடைப்படம் வரைகிறவர்களின் பெயரையும் தனித்தனியாகப் போடுவதாகத் தயாரிப்பு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அமானுஷ்யக் கதை. இறந்தவர்கள் ஒரு மலைக்கணவாய் வழியாக நடந்து போகிறார்கள். வழி தவறாமல் இருக்க, பாதையின் இரண்டு பக்கமும் தோவா என்ற இளம்பெண் விளக்கேற்றி வைக்கிறாள். அந்தக் கணவாயில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள் அவள். ஆவி என்று ஒன்று இல்லை என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் அந்தத் தொடரைப் பார்த்தேன். இறந்தவர்களைவிட அவர்களுக்காக வேலை செய்யும் பெண்ணின் அலுப்பைப் பற்றிய கதை அது. நன்றாகவே எடுத்திருந்தார்கள்.

முதல் பகுதியின் முடிவில் 'எவாஞ்சலின் ஆர்தர்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் ஓடியபோது ஆர்தர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"ஏட்டி, என் பேரும்லா சேந்து வருது!"

"பின்ன உங்க பேரு இல்லாம என் பேரு எப்படிப்பா வரும்?"

"நான் பணிமனையில அத்தனை வருசம் இருந்தேன். சம்பளச் சீட்டைத் தவிர எங்கயும் என் பேரு வரல. நீ ஜப்பான் வரைக்கும் கொண்டுபோயிட்டியே மக்கா."

எட்டாம் பகுதி வந்தது. தோவா பாதையின் இடப்பக்க விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு திரும்பி, வலப்பக்க விளக்குகளை ஏற்றிக்கொண்டே வர வேண்டும். இடப்பக்கத்தை எவாஞ்சலின் வரைந்து முடித்திருந்தாள். அவளுடைய மேற்பார்வையாளர் கிருஷ்ணா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஒரு மத்திய அரசு நிறுவனக் குடியிருப்பில் வளர்ந்த தமிழர். சுபாவத்தில் கெட்டவர் இல்லை.

"எவா, இடது பக்கம் ஆயிடுத்தோன்னோ?"

"ஆச்சு சார். வலது பக்கம் இனிமேத்தான்."

"ஆரம்பிக்கவே வேண்டாம். இடதையே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுடு. டோக்கியோல நாளைக்கே வேணுங்கறா."

"திருப்பினா கண்ணுக்குக் கீழ இருக்க மச்சம் பக்கம் மாறிரும் சார். தலை வகிடும் மாறிரும்."

"அதை மட்டும் கையால சரிபண்ணிடு. பாக்கறவன் மூஞ்சியைத்தானே பாக்கப்போறான்?"

பக்கத்து மேசையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஜுலைகா திரும்பாமலே தன் தக்கனி கலந்த தமிழில் ஆமோதித்தாள். "ஹவ், ஹவ், மூஞ்சிதான் பாக்குறாங்கோ. நான் போடுற கலரை எவன் பாக்குறான்?"

எவாஞ்சலின் படங்களைத் திருப்பிப் போட்டாள். ஒவ்வொன்றிலும் மச்சத்தை அழித்து, சரியான கண்ணுக்குக் கீழே வைத்தாள். வகிட்டை மாற்றினாள். சீப்பு செருகியிருந்த பக்கத்தைக்கூட மாற்றினாள். பொறுப்பான வேலைக்காரி. மேலுடையின் மடிப்பை மட்டும் தொடவில்லை. அவளுக்கு அது துணி.

ஜப்பானில் அது துணி மட்டும் இல்லை. அங்கே உயிரோடு இருக்கிறவர்கள் கிமோனோ என்ற அந்த மேலுடையின் இடப்பக்கத்தை மேலே வைத்துக் கட்டுவார்கள். வலப்பக்கத்தை மேலே வைத்துக் கட்டுவது பிணத்துக்கு. இதை எவாஞ்சலின் அறிந்திருக்க நியாயமில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. கிருஷ்ணாவுக்கும் தெரியாது. ஆனால் அவர் ஆண்டுதோறும் தம் தகப்பனார் திவசத்தன்று பூணூலை இடத் தோளிலிருந்து வலத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர். செத்தவனுக்கு என்று ஒரு பக்கத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கம் அவர் உடம்பிலேயே இருந்தது. அதே வழக்கம் இன்னொரு நாட்டில் இன்னொரு துணியில் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. ஒவ்வொரு கூட்டமும் தன் சடங்கை உலகத்தின் சட்டம் என்று நம்புகிறது. அடுத்தவன் சடங்கைக் கண்ணால் பார்த்தாலும் அடையாளம் தெரிவதில்லை.

டோக்கியோவில் அந்தப் படங்களைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் மறுநாளே வேண்டியிருந்தது. பார்க்காமல் விட்டார்கள்.

எட்டாம் பகுதி ஒளிபரப்பானது. ஒரு ரசிகர் அந்த மடிப்பைக் கண்டுபிடித்தார். தோவா இடப்பக்க விளக்குகளை ஏற்றும்போது உயிரோடு இருக்கிறாள், வலப்பக்க விளக்குகளை ஏற்றும்போது செத்தவள்! பாதையின் ஒரு பக்கம் வாழ்வு, மறு பக்கம் சாவு! ஒரே வாரத்தில் அது ஒரு மதமாகவே ஆகிவிட்டது. மணிக்கணக்கில் விளக்கக் காணொளிகள் வந்தன. யாரோ ஒருவர் நியாயமாகவே கேட்டார், படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டிருப்பார்களோ என்று. அவரை எல்லோரும் சேர்ந்து அடக்கினார்கள். திருப்பிப் போட்டிருந்தால் மச்சமும் மாறியிருக்குமே, மச்சம் சரியாக இருக்கிறதே, வகிடு சரியாக இருக்கிறதே, ஆகவே மடிப்பு வேண்டுமென்றே வைத்த குறிப்பு!

அடையாளம் தேடிப் புறப்பட்டவனுக்குப் பிழை என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. எவாஞ்சலின் அக்கறையோடு திருத்திய மச்சம் அவர்களுக்குச் சாட்சியமானது.

ஜுலைகா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏ எவா, இங்க பாரு ரீ! உன் மச்சத்துக்கு அமெரிக்காவுல ஒருத்தன் லெக்சர் குடுக்குறான்!"

எவாஞ்சலின் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பாதி காணொளியில் சிரிப்பு நின்றது. நேராக கிருஷ்ணாவிடம் போனாள்.

"சார், இது நம்ம தப்பு. அவங்க வேற என்னமோ நினைச்சிட்டிருக்காங்க. டோக்கியோவுக்குச் சொல்லிருவோம்."

"சொல்லியாச்சும்மா. முதலாளி பேசிட்டார்."

"என்ன சொன்னாங்க?"

"சந்தோஷமா இருக்காளாம். பாக்கறவா எண்ணிக்கை ஏறிண்டே போறதாம். யாரும் வாயைத் திறக்கப்படாதுன்னுட்டா."

வாயைத் திறக்காமல் இருந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தோவாவின் புதிய சுவரொட்டி ஒன்றை வெளியிட்டார்கள். அதில் வலப்பக்கம் மேலே மடிந்திருந்தது. அது எவாஞ்சலின் வரைந்தது இல்லை. கைத்தவறும் இல்லை. மூடநம்பிக்கையில் காசு பார்க்கக் கோயிலும் தாயத்தும் வேண்டியதில்லை. ஒரு விளம்பரப் பிரிவு போதும்.

கடைசிப் பகுதி வந்தது. தோவா காலையில் எழுந்து, விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு கிண்ணம் சோறு தின்றுவிட்டு, மலையைவிட்டு இறங்கிப் போனாள். அவள் உயிரோடுதான் இருந்தாள். முதல் பகுதியிலிருந்து கதை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எழுதியவர் வைத்திருந்த முடிவு அதுதான்.

பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஏமாற்றிவிட்டார்கள், குறிப்பு கொடுத்துவிட்டுக் கைவிட்டார்கள், கோழைகள் என்று எழுதினார்கள். மதிப்பெண் தரும் தளங்களில் தொடர் அடிமட்டத்துக்கு இறங்கியது. அப்போது தயாரிப்பு நிறுவனம் வாயைத் திறந்தது. எட்டாம் பகுதியில் இருந்தது குறிப்பே அல்ல, வெளிநாட்டு ஒப்பந்த ஸ்டூடியோவில் ஒரு பணியாளர் அனுமதியின்றிப் படங்களைக் கையால் மாற்றியதால் நேர்ந்த பிழை என்று அறிக்கை விட்டது. கையால் மாற்றியது எது? மச்சத்தை. அந்த மாற்றம் சரியானது. தவறான மடிப்பை அவள் மாற்றவே இல்லை. அறிக்கையில் அந்த வித்தியாசம் இல்லை.

எட்டாம் பகுதியின் இடைப்படப் பட்டியலில் ஜப்பானியப் பெயர் அல்லாதது ஒன்றுதான் இருந்தது. அன்று மாலைக்குள் அவளுடைய பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவில் அவள் நிற்கும் படம், சித்தி மகள் கல்யாணத்தில் சேலை கட்டிய படம். ஆங்கிலத்தில் ஏசினார்கள். இந்தியில் ஏசினார்கள். தமிழிலும் வந்தது, நம்முடைய தமிழில், வாய்கொள்ளாத வார்த்தைகளில். ஒருவன் அவளுடைய சேலைப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பினான். முந்தானை வலத் தோளுக்குப் போனது. கீழே எழுதினான்: 'இவளும் செத்துவிட்டாள்.' அதை ஆயிரக்கணக்கானவர்கள் ரசித்தார்கள்.

அவள் பக்கத்தை மூடினாள். அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். முதலாளி மேசைக்கு அந்தப்புறம், கிருஷ்ணா பக்கவாட்டில். முதலாளி தெலுங்கில் பதமாகப் பேசினார். டோக்கியோ வருத்தத்தில் இருக்கிறது, ஒப்பந்தம் கைநழுவினால் எல்லோருக்கும் வேலை போகும், யாராவது ஒருவர் பொறுப்பெடுத்தால் நல்லது என்றார்.

எவாஞ்சலின் கிருஷ்ணாவைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "சார், திருப்பிப் போடச் சொன்னது யாரு? நீங்க சொல்லுங்க."

"இது டீமா பண்ற வேலைம்மா. யார் சொன்னா, யார் செஞ்சான்னு பிரிச்சுப் பாக்க முடியாது."

"அப்ப வெளிய போறதையும் டீமா போவமா சார்?"

கிருஷ்ணா மேசையில் இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார்.

அவளை வேலையை விடச் சொன்னார்கள். கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் கிருஷ்ணா பின்னாலேயே வந்தார்.

"ரெண்டு பொண்ணுகள் படிச்சிண்டிருக்கா எவா. என் நிலைமை உனக்குப் புரியும். உனக்கு வயசு இருக்கு. கையில வேலை இருக்கு. எங்க வேணா கிடைக்கும்."

"எதைக் காட்டிக் கேக்கட்டும் சார்?"

"உன் பேர்தான் அத்தனை பகுதிலயும் வந்திருக்கே."

"நீங்க பாக்கலையா? காலையிலயே எடுத்துட்டாங்க."

உண்மைதான். இணையத்தில் இருந்த எல்லாப் பகுதிகளிலும் பட்டியலைத் திருத்தியிருந்தார்கள். எட்டாம் பகுதியின் மடிப்பைத் திருத்தப் பணமும் ஆளும் வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பெயரை நீக்குவது சுலபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலய ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றபோது, சபைப் பெரியவர் பிளஸ்ஸன் ஆர்தரின் தோளில் கைபோட்டார். குரலில் இரக்கம் சொட்டியது.

"ஆர்தர், நான் அன்னைக்கே சொன்னேம்லா? பேய் பிசாசு படம்லாம் வரைஞ்சா ஆண்டவர் சும்மா விடுவாரா? பிள்ளையை ஜெபிக்கச் சொல்லும்."

"நீரு காலமெல்லாம் இன்சூரன்ஸ் ஏஜென்டா இருந்து, வீடு வீடா சாவைப் பத்திப் பேசித்தானவே சம்பாதிச்சீரு? உம்மச் சும்மாத்தான விட்டாரு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிளஸ்ஸனும் சமாளித்துச் சிரித்தார். எவாஞ்சலின் சிரிக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது, "அப்பா, அவர்கிட்ட என் விஷயத்தை நீங்கதான் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எங்க சொன்னேன்? அவரு பேரன் போன்ல பாத்திருக்கான். அந்தச் சேலைப் படம்."

அதன்பிறகு அவள் பாட்டுக்குழுவுக்குப் போகவில்லை.

ஜப்பானில் குறிசொல்கிறவர்கள், அமெரிக்காவில் குறிசொல்கிறவர்கள், ஆலய வாசலிலும் ஒருவர். உடையின் மடிப்பில் ஒரு கூட்டம் சாவைப் பார்த்தது. அவள் பட்ட பாட்டில் இன்னொருவர் தண்டனையைப் பார்த்தார். நடந்தது என்ன என்று கேட்டவர் எவருமில்லை. நடந்தது மிகச் சாதாரணம். போதிய நேரம் தராமல் வேலை வாங்கினார்கள். குறுக்குவழியைக் காட்டியவர் அதிகாரத்தில் இருந்தார். பிழை லாபம் தந்தவரை அதை வைத்துச் சுவரொட்டி போட்டார்கள். நஷ்டம் தந்தபோது கீழே இருந்தவள் தலையில் போட்டார்கள். இதில் அமானுஷ்யம் எங்கே இருக்கிறது? எந்த ஆலைக்குப் போனாலும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இது நடக்கிறது.

வேறு ஊரில் ஒரு பெரிய ஸ்டூடியோ காணொளியில் நேர்காணல் வைத்தது. அவள் அங்கேயே ஒரு கை அசைவை வரைந்து காட்டினாள். பேசிய பெண்ணுக்குப் பிடித்துப்போனது. எந்தத் தொடரில் பெயர் வந்திருக்கிறது என்று கேட்டார். எவாஞ்சலின் சொன்னாள். அந்தப் பெண் இன்னொரு திரையில் தேடிப் பார்த்தார்.

"இங்கே உங்கள் பெயர் இல்லையே."

எடுத்துவிட்டார்கள் என்றாள். ஏன் என்று கேட்டார். எவாஞ்சலின் பொய் சொல்லியிருக்கலாம். முழுக்கதையையும் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைக் கவனித்தாள். ஒரு முகம் எப்படி மாறும் என்பதைப் படம் படமாக வரைந்து பழகியவளுக்கு, முடிவதற்கு முன்பே எங்கே முடியும் என்று தெரிந்தது. தகவல் சொல்கிறோம் என்றார்கள். இதுவரை சொல்லவில்லை.

இப்போது உப்பலில், கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். வெளுத்த முகங்களைத் தேற்றுவது, கண் மூடியவர்களுக்குக் கண் திறந்துவைப்பது, சண்டைபோட்டுப் பிரிந்த உறவினரைக் குடும்பப் படத்திலிருந்து அழித்து, அவர் நின்ற இடத்தில் திரைச்சீலையை இழுத்துவிடுவது. கை சுத்தம் என்று கடைக்காரருக்குத் திருப்தி. வீட்டில் அவள் வரைவதில்லை. ஆர்தர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, சும்மாவாச்சும் ஏதாவது வரையலாம்லா?"

"நக்கோப்பா," என்றாள். வேண்டாம் என்பதற்கு அந்தத் தக்கனிச் சொல்லை அவள் வீட்டில் பயன்படுத்துவதில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை.

ஜுலைகா மட்டும் இன்னும் வந்துபோகிறாள். போன மாதம் அவள்தான் செய்தி கொண்டுவந்தாள். 'கணவாய் விளக்குகள்' இரண்டாம் பருவம் வருகிறதாம். ஏமாந்த ரசிகர்களைச் சமாதானப்படுத்த, முதல் பருவத்தைத் திருத்தி மறுபடி வெளியிடப்போகிறார்கள். எட்டாம் பகுதியில் மடிப்பைச் சரிசெய்யும் வேலை அதே ஹப்சிகுடா அலுவலகத்துக்குத்தான் வந்திருக்கிறது. அதை மேற்பார்வை செய்கிறவர் கிருஷ்ணா.

"மச்சத்தைத் தொடுறாங்களா?" என்று கேட்டாள் எவாஞ்சலின்.

"நக்கோ. மச்சம் சரியா இருக்குன்னு அப்படியே விட்டுட்டாங்கோ."

"அப்ப நான் வரைஞ்சது அதுல இருக்கு."

"முழுக்க நீதான் ரீ இருக்கே. அந்த மடிப்பு ஒண்ணுதான் மாறுது. பேரை மட்டும் போட மாட்டாங்கோ."

எவாஞ்சலின் அலுவலகத்துக்கும் டோக்கியோவுக்கும் எழுதினாள். பதில் இல்லை. ஒரு ஆள் எழுதினால் வராத பதில் கூட்டமாகக் கேட்டால் வரும்; இதை அந்த ரசிகர்களே நிரூபித்திருக்கிறார்கள். அவர்கள் கத்திய கத்தலுக்குப் பயந்துதானே முழுத்தொடரையும் திருத்துகிறார்கள்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் அனிமே பார்க்கிறவராக இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பதிப்பு வெளிவருவதற்கு முன், அந்தத் தொடரின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போய், தமிழிலேயே எழுதுங்கள்: 'படங்களைத் திருப்பிப் போடச் சொன்னது மேலதிகாரி. அந்தப் பிழையை வைத்துச் சுவரொட்டி விற்றது நீங்கள். எட்டாம் பகுதியில் தோவாவை நடக்கவைத்தவர் பெயர் எவாஞ்சலின் ஆர்தர். அதைத் திரும்பப் போடுங்கள்.' இன்றே எழுதுங்கள். அவர்கள் போடும்வரை மறுபடி மறுபடி எழுதுங்கள்.